இருட்டறையில் பத்து நிமிடம்

வணக்கம் நேயர்களே.

அடுப்பில் எண்ணெய் வாணலியை வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போகிறோம். பேச்சில் அடுப்பு மறந்துபோகிறது. எண்ணெய் முதலில் புகையும். புகை திரளும். திடீரென்று வாணலி முழுக்கத் தீ. அடுப்பின் தீ தாவி ஏறிவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். தீயே தெரியாத மின்சார அடுப்பிலும் இது நடக்கும். எண்ணெய் அவ்வளவு சூடான பிறகு அதற்குப் பொறியும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். காற்று இருந்தாலே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய வாணலியில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

இப்படிப் பொறியில்லாமலே ஒரு திரவம் பற்றுகிற சூட்டை, தானே தீப்பற்றும் வெப்பநிலை என்கிறோம். ஆய்வகத்தில் அதை அளப்பதுதான் என் வேலை.

ஃப்ளாஷ் பாயின்ட் என்பது வேறு. பொறி ஒன்றைக் காட்டினால் ஆவி பற்றுவதற்குத் திரவம் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பது அது. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஆலைகளிலேகூட உண்டு. பெட்ரோலின் ஃப்ளாஷ் பாயின்ட் பூஜ்யத்துக்கும் வெகு கீழே. அதனால்தான் பங்கில் ஒரு பொறிகூடக் கூடாது என்கிறார்கள். டீசல் அந்த விஷயத்தில் சாது. ஆனால் பொறி இல்லாமல் தானாகப் பற்றுவதில் டீசல்தான் முந்திக்கொள்ளும், பெட்ரோலுக்கு இன்னும் கூடுதல் சூடு வேண்டும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாதது இதனால்தான். காற்றை அழுத்தியே சூடாக்கி, அதில் டீசலைத் தெளித்தால் போதும்.

சரி, எப்படி அளக்கிறோம்? ஹெக்சேனை எடுத்துக்கொள்வோம். தவிட்டிலிருந்தும் புண்ணாக்கிலிருந்தும் மிச்ச எண்ணெயைப் பிரித்தெடுக்கும் ஆலைகளில் டன் கணக்கில் புழங்கும் திரவம் இது.

மின் உலைக்குள் அரை லிட்டர் கண்ணாடி பிளாஸ்க் ஒன்று உட்கார்ந்திருக்கும். எல்லாப் பக்கமும் சூடு சீராகப் பரவ, அதைச் சுற்றி அலுமினியத் தாள். வெளிச்சுவரில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று தெர்மோகப்பிள், அதாவது சூட்டை அளக்கும் கம்பி உணரிகள், உள்ளே காற்றின் சூட்டைப் பார்க்க இன்னொன்று. வாய் திறந்தே இருக்கும். அதற்கு மேலே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், உள்ளே நடப்பதைக் கண்ணாடியில் பார்க்கத்தான் அது.

உலை நினைத்த சூட்டில் நிலைத்ததும் சிரிஞ்சில் 100 மைக்ரோலிட்டர் எடுத்துச் சட்டென்று உள்ளே செலுத்துகிறோம். ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு மூன்று சொட்டுதான். விளக்கை அணைத்து, ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பத்து நிமிடம் காத்திருக்கிறோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பத்து நிமிடம் வீண் என்று நினைத்திருக்கிறேன். போட்டால் உடனே பற்ற வேண்டும், இல்லாவிட்டால் பற்றாது, இதில் காத்திருக்க என்ன இருக்கிறது என்று. அப்படியல்ல. சூடு அதிகமாக இருந்தால் நொடியில் பற்றும். எல்லைக்கு அருகே வரவர ஆவி தயங்கும், சில சமயம் நிமிடக் கணக்கில். உள்ளே சிறு வேதிவினைகள் மெதுவாக நடந்து சூட்டைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சேருகிற சூடு, சுவர் வழியே போகிற சூட்டை மிஞ்சியதும் பிளாஸ்க் முழுக்கத் தீ. தெர்மோகப்பிள் காட்டும் அளவு எகிறும்.

சில முறை வேறொன்று தெரியும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, மங்கலான நீல ஒளி ஒன்று பிளாஸ்கில் மெல்லப் பரவி மறையும். குளிர் தீ என்று இதற்குப் பெயர். பாதி எரிந்து பாதியில் நிற்கும் தீ. இரு நூறாண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி ஈதர் ஆவியில் இதைக் கண்டிருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. விளக்கை அணைக்காமல் சோதித்தால் அது இருந்ததே தெரியாமல் போய்விடும்.

பற்றாவிட்டால் பழைய ஆவியைக் காற்றால் ஊதி வெளியேற்றி, சூட்டைக் கூட்டுவோம். பற்றினால் குறைப்போம். அப்புறம் திரவத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்போம், ஏனென்றால் 100 மைக்ரோலிட்டரில் பற்றாத சூட்டில் 150 பற்றலாம். இப்படி நாள் முழுக்க நடந்து, கடைசியில் ஏதாவது ஓர் அளவில் பற்றிய மிகக் குறைந்த சூடு எதுவோ, அதுவே விடை. ஹெக்சேனுக்கு அது 225 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வரும்.

நான் இன்று பேச வந்ததே இந்த 225-ஐப் பற்றித்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்பது போல இதையும் திரவத்தின் மாறாத குணம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அரை லிட்டர் பிளாஸ்கில் கிடைத்த எண். சூடு பிறப்பது பாத்திரத்தின் உள்ளே, வெளியேறுவது சுவர் வழியே. பாத்திரம் பெரிதானால் உள்ளிருக்கும் ஆவி பெருகுகிற அளவுக்குச் சுவரின் பரப்பு பெருகாது, சூடு உள்ளேயே தங்கும். அதனால் பெரிய தொட்டியில் அதே ஆவி இன்னும் குறைந்த சூட்டில் பற்றும். 1954-இலேயே அமெரிக்காவில் செட்ச்கின் என்பவர் பல அளவுப் பிளாஸ்குகளில் சோதித்து இதைக் காட்டினார். அழுத்தம் கூடினாலும் எண் இறங்கும்.

ஒரு முறை ஓர் ஆலையின் பொறியாளர் என்னிடம் டேட்டா ஷீட்டை, அதாவது ஒரு திரவத்தின் குணங்களைப் பட்டியலிடும் தாளைக் காட்டினார். அது வேறொரு எண்ணெய், ஹெக்சேன் அல்ல. "இதில் 340 போட்டிருக்கிறது, எங்கள் குழாய் 280 தான், பயமில்லையே?" என்றார். குழாயைப் போய்ப் பார்த்தேன். ஒரு வால்வு கசிந்து, சூடு வெளியேறாமல் குழாயைச் சுற்றியிருந்த கனிமக் கம்பளி உறை எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. கையுறையோடு அழுத்தினால் பழுப்பாகக் கசிந்தது. உறைக்குள் எண்ணெய் இழை இழையாகப் பரவியிருக்கும், காற்று எல்லா இழையையும் தொடும், சூடு மட்டும் வெளியே போக வழியில்லை. பிளாஸ்கில் 340-இல் பற்றும் எண்ணெய், இப்படி ஊறிய உறையில் 100 டிகிரிக்கு மேல் குறைவாகவே பற்றக்கூடும். அன்றே உறையைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்கள். உள்பக்கம் ஏற்கெனவே கருகத் தொடங்கியிருந்தது.

அதனால் எங்கள் அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் எழுதி முடிப்பதில்லை. பிளாஸ்கின் கொள்ளளவு, செலுத்திய திரவத்தின் அளவு, பற்ற எடுத்த நொடிகள், அன்றைய காற்றழுத்தம், குளிர் தீ தெரிந்ததா என்பது வரை எழுதுகிறோம். ஆலையில் பணிபுரியும் நேயர்கள் டேட்டா ஷீட்டில் அந்த எண்ணைப் பார்க்கும்போது, எந்த முறையில், எவ்வளவு பெரிய பிளாஸ்கில் எடுத்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் குழாயின் உறையை ஒரு முறை தொட்டுப் பாருங்கள், கையுறையோடு.

வணக்கம்.