சால்வை போதும், புரவலர் ஆக்குங்கள்

(உள்ளாட்சி தினத்தன்று நகராட்சி நடத்திய தன்னார்வலர் பாராட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் துணைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் எங்கள் எல்லோர் பெயரையும் பட்டங்களோடு சேர்த்துச் சொல்லி, எனக்கு இல்லாத பட்டம் ஒன்றையும் அன்போடு வழங்கிய ஆணையர் அவர்களே, நகராட்சிப் பொறியாளர் அவர்களே, சுகாதார ஆய்வாளர் அவர்களே, எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த வார்டு உறுப்பினர்களே, அரிமா சங்க, ரோட்டரி சங்க நிர்வாகிகளே, விழாவுக்கு நாற்காலி கொடுத்து உதவிய வணிகர் சங்கத்தாரே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் கிளை நூலகர் அம்மா அவர்களே, இந்த விழாவின் நாயகர்களாகிய தன்னார்வலர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே வண்டியை ஸ்டாண்டு போடாமல், எந்த நேரமும் கிளம்பிவிடும் நோக்கத்தோடு நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன விழாவில் என் பேச்சில் விடுபட்ட ஒரு பெரியவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.

மூன்று செய்திகளைச் சொல்வதற்காக வந்திருக்கிறேன். ஒன்று, இந்த விழாவை ஏன் கொண்டாடுகிறோம். இரண்டு, யாரைப் பாராட்ட வேண்டும். மூன்று, நகரங்களுக்கென்று வந்த பகுதி சபைகளை எப்படி உயிரோடு வைத்திருப்பது. நேரம் இருபது நிமிடம் என்றார்கள். பார்ப்போம்.

நவம்பர் 1 நமக்கு இரண்டு வகையில் முக்கியமான நாள். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தது இந்த நாளில்தான். எல்லைகளுக்காகப் போராடிச் சிறை சென்றவர்களை நினைக்காமல் இந்தத் தேதியைக் கடக்கக் கூடாது. 2022 முதல் தமிழ்நாடு அரசு இதையே உள்ளாட்சி தினமாகவும் கொண்டாடுகிறது. கிராம சபைக்கு இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்: குடியரசு நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், கடைசியாக இந்த நவம்பர் 1. நகரத்துக்காரர்களுக்குக் கேட்கும் உரிமை எங்கே என்ற பழைய மனக்குறைக்குப் பதிலாகப் பகுதி சபைகள் கூடியதும் அதே 2022 நவம்பர் 1 அன்றுதான். அதை மூன்றாவது செய்தியில் விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளாட்சி என்றாலே உத்திரமேரூரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொற்பொழிவு செல்லாது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாக, நம் வார்டுகள் மாதிரி, பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைக்கு ஒரு வாரியம். எல்லோரும் அதை ஜனநாயகம் என்று புகழ்கிறார்கள். நிலமும் வீடும் உள்ளவர்களுக்கு மட்டுமான ஜனநாயகம் அது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம். எனக்கு அதில் பிடித்த விதி வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. (மேடையிலும் ஒருவர் கைதட்டினார். அவர் நல்லவர்.) இந்தக் கணக்கு என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் பிற்பகுதியில் தேவைப்படும்.

இப்போது, யாரைப் பாராட்டுவது?

நான் எந்த மேடை ஏறினாலும் ஒரு பழமொழி சொல்வேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்வரிசையில் ஒருவர் இப்போதே சிரிக்கிறார். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்." தொண்டு பற்றி இதற்கு மேல் ஒரு சட்டப்பிரிவு தேவையில்லை என்பது என் கட்சி.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். ஊரைச் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையைத் திருப்பிக் கொடுத்தார், டிக்கெட் கட்டைக் கொடுத்தார், விசிலை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். அவர் தெரு முனையில் ஒரு நடுநிலைப் பள்ளி. எதிரே நெடுஞ்சாலை. வேகத்தடை கிடையாது. காலையில் பள்ளி தொடங்கும்போதும் மாலையில் மணி அடிக்கும்போதும் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்பார். நீளமாக ஒரு விசில் அடித்தால் வண்டிகள் நிற்க வேண்டும். இரண்டு குட்டி விசில் அடித்தால் போகலாம், ரைட். யாரும் அவரை நியமிக்கவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஒரு டிரைவர் "நீ யாருய்யா?" என்று கேட்டதற்கு, "இந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் கண்டக்டர்" என்றாராம்.

அந்த ஊர் நகராட்சி அவரைப் பாராட்ட முடிவு செய்தது. நல்ல விஷயம். அழைப்பிதழில் மூன்று மணி. நமக்குத் தெரியும், மூன்று மணி என்றால் மூன்று மணி இல்லை. சிறப்பு விருந்தினர் பைபாஸில் வந்துகொண்டே இருக்கிறார். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது, குத்துவிளக்கு ஏற்றியாயிற்று, காற்றில் அணைந்து மறுபடி ஏற்றியாயிற்று, வரவேற்புரை முடிந்தது, ஆண்டறிக்கை ஆரம்பமாகிவிட்டது. நம்மவர் மூன்றாம் வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்து கடிகாரத்தையே பார்க்கிறார். நாலு மணி ஆனதும் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "தம்பி, இடத்தைப் பார்த்துக்கங்க, இதோ வந்துடறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

சரியாக அப்போதுதான் விருந்தினர் வந்து சேர்ந்தார். தொகுப்பாளர் மைக்கில் பெயரை அழைக்கிறார். ஆள் இல்லை. மறுபடி அழைக்கிறார். இல்லை. மூன்றாவது முறை, "தன்னலமற்ற தொண்டர், சேவைச் செம்மல்" என்று அடைமொழிகளைச் சேர்த்து அழைக்கிறார், ஏதோ அடைமொழி குறைந்ததால்தான் அவர் வரவில்லை என்பதுபோல. கூட்டம் அமைதியானது. அந்த அமைதியில் தூரத்திலிருந்து ஒரு நீள விசில்!

பந்தலே சிரித்தது. அந்த ஊர்த் தலைவர் ஒரு அம்மா. அவர் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு, விருந்தினரையும் கூட்டிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கிப் பள்ளிக்கே நடந்துவிட்டார். பின்னால் கூட்டம், போட்டோகிராபர், நாதஸ்வரக்காரர் உட்பட. சாலையைக் கடக்கப் போனால் நம்மவர் கையை உயர்த்தி அவர்களுக்கும் ஒரு நீள விசில் அடித்தார். "அம்மா, கொஞ்சம் நில்லுங்க. அஞ்சாம் வகுப்பு இன்னும் தாண்டலை." தலைவர் நின்றார். நகராட்சியே நின்றது.

பிள்ளைகள் கடந்த பிறகு நடுரோட்டிலேயே சால்வை போட்டார்கள். சிவப்புச் சால்வை, ஜரிகை போட்டது. போட்ட கையோடு வளைவில் ஒரு டிப்பர் லாரி வேகமாக வருகிறது. பின்தங்கிய ஒரு சிறுமி தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். நம்மவர் தோளில் இருந்த சால்வையை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். லாரி கிறீச்சென்று நின்றது. தமிழ்நாட்டில் சால்வை என்று ஒன்று வந்த நாளிலிருந்து அது உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான் என்று நான் சொல்வேன். அடுத்த மாதமே அந்த இடத்தில் வேகத்தடை வந்துவிட்டது. விருந்தினர் கண்ணால் பார்த்துவிட்டாரே!

பிறகு ஒரு நாள் அவரைக் கேட்டேன்: "உங்க வீட்டுப் பிள்ளை யாரும் இந்தப் பள்ளியில படிக்கலையே, அண்ணே?" அவர் சொன்னார்: "என் பேத்தி கோயம்புத்தூர்ல படிக்கிறா. அங்க யாராவது ஒருத்தர் அவளுக்குக் கை காட்டி ரோடு தாண்ட விடுவாங்கல்ல?" ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். அவர் பழமொழி சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

இன்றைக்கு இங்கே பாராட்டப்படுகிறவர்களும் அந்த ரகம்தான். கேட்பாரற்ற உடல்களை அடக்கம் செய்யும் தம்பிகள் இருக்கிறார்கள். ராத்திரி எந்த நேரம் போன் வந்தாலும் ரத்தம் கொடுக்க ஆள் அனுப்புகிறவர் இருக்கிறார். மாலையில் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தங்கைகள் இருக்கிறார்கள். இந்த மண்ணுக்கு இது புதிதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, தொண்டர்கள் சம்பளமில்லாமல் இரவில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

ஒரு சின்ன இடைக்குறிப்பு. தூய்மைப் பணியாளர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் தன்னார்வலர்கள் இல்லை, தொழிலாளர்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சால்வையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. அது தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டியது. கூப்பிட்டால் வருகிறேன்.

சால்வை என்று வந்துவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தலைவர் சிரிக்கிறார், நான் எங்கே வருவேன் என்று அவருக்குத் தெரியும். நூலகத்துக்குத்தான்.

ஒருவரைப் பாராட்ட ஒரு சால்வை, ஒரு சந்தன மாலை, ஒரு கேடயம், அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ். எப்படிச் சிக்கனம் பிடித்தாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சால்வை பீரோவுக்குப் போகும், மாலை அன்றிரவே உதிரும், ஃப்ளெக்ஸ் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும். அதே ஆயிரம் ரூபாயை நம் கிளை நூலகத்தில் கட்டினால் அந்தத் தொண்டர் நூலகப் புரவலர். ஐயாயிரம் கட்டினால் பெரும் புரவலர், பத்தாயிரம் கட்டினால் கொடையாளர். அவர் பெயர் பலகையில் இருக்கும், பலகைக்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள்.

தொண்டுக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம். தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன். வண்டியை உருவாக்கியவர் கனகசபை பிள்ளை, ஓய்வுபெற்ற பொறியாளர். ஓய்வுக்குப் பிறகு அவர் கையில் எடுத்தது வண்டி, நம் கண்டக்டர் கையில் எடுத்தது விசில். ரங்கநாதனின் உழைப்பால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார்.

அந்தச் சட்டத்தில்தான் நாம் கட்டும் நூலக வரி இருக்கிறது. உங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்துவரியில் பத்து சதவீதம் நூலக வரி. அதை வசூலிப்பது நகராட்சி, போய்ச் சேர வேண்டிய இடம் மாவட்ட நூலக ஆணைக்குழு. வருடா வருடம் எவ்வளவு வசூல், எவ்வளவு அனுப்பினோம், பாக்கி எவ்வளவு? உத்திரமேரூரை ஞாபகத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஆணையர் அவர்கள் நேர்மையானவர், கோபித்துக்கொள்ளமாட்டார். குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் அலைகிற நகராட்சிக்கு இருக்கும் நெருக்கடி எனக்கும் தெரியும். நான் கேட்பதெல்லாம் ஒரு அறிவிப்புப் பலகை. நகராட்சி வாசலில், மூன்று வரியில் அந்தக் கணக்கு.

நம் கிளை நூலகம் இன்றும் வாடகைக் கட்டடத்தில், மாடியில். படி செங்குத்து. மழை பெய்தால் நூலகர் அம்மா முதலில் குறிப்புதவி நூல்களின் மேல் பாலிதீன் விரிக்கிறார், பிறகுதான் தன் கைப்பையைத் தேடுகிறார். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலி போதாமல் படியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் அவர்களைத் தாண்டி மேலே ஏற முடியாமல் கீழே டீக்கடையில் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் படியில் இருப்பதெல்லாம் ஊரான் பிள்ளைகள்தான். ஊட்டி வளர்க்கச் சொல்லவில்லை ஐயா, உட்கார இடம் கொடுக்கச் சொல்கிறேன். பழைய நகராட்சிப் பள்ளி வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைகளை மன்றம் ஒரு தீர்மானம் போட்டு ஒதுக்கினால் போதும். தீர்மான வாசகத்தைக்கூட வாசகர் வட்டம் எழுதி வைத்திருக்கிறது.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. "நேரம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. சரி, பகுதி சபை பற்றி அடுத்த மேடையில் பேசுகிறேன்.

இரண்டே வேண்டுகோள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதற்குள் அந்த இரண்டு அறைகளின் தீர்மானம் மன்றத்தின் பொருள் நிரலில் ஏற வேண்டும். இன்னொன்று, இன்றைக்கு எனக்குப் போடுவதற்காக வைத்திருக்கும் சால்வையைத் தயவுசெய்து கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பில் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். புரவலர் படிவங்கள் நூலகர் அம்மாவிடம் இருக்கின்றன. அவரைக் கடைசி வரிசையிலிருந்து மேடைக்கு அழைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் படிவத்தை நிரப்பிவிட்டுத்தான் மேடை ஏறினேன். இரண்டாவதில் தலைவர் கையெழுத்துப் போடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். நன்றி, வணக்கம்.