"ரீஸ்டார்ட் செய்யவும்" என்று கேட்டுவிட்டு இன்ஸ்டாலர் எங்கே போகிறது?

[திரையில்: இன்ஸ்டாலரின் கடைசிப் பக்கம். பச்சைப் பட்டை முழுதாக நிறைந்திருக்கிறது. கீழே இரண்டு பட்டன்கள்: "இப்போதே ரீஸ்டார்ட்", "பிறகு".]

பட்டை நூறைத் தொட்டாயிற்று. "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்கிறது. அடுத்த வரியிலேயே, "மாற்றங்கள் நடைமுறைக்கு வர கணினியை ரீஸ்டார்ட் செய்யவும்" என்றும் சொல்கிறது. முடிந்துவிட்டதென்றால் ரீஸ்டார்ட் எதற்கு? இதைச் சம்பிரதாயம் என்று நினைத்து "பிறகு" பட்டனைத் தட்டிவிட்டுப் போவோம். அந்தப் "பிறகு" சில நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் வரும்.

விஷயம் என்னவென்றால், வேலை முடியவில்லை. இன்ஸ்டாலர் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறது. அந்தச் சீட்டு விண்டோஸில் எங்கே இருக்கிறது, அதை யார் எப்போது படிக்கிறார்கள், நடுவில் யாராவது கை வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

முதலில், சீட்டு எழுத வேண்டிய நிலைமை ஏன் வருகிறது?

ஒரு புரோகிராமைத் திறந்தால் அதன் கோப்பு மொத்தமும் மெமரிக்கு வந்துவிடுகிறது, அப்புறம் டிஸ்கில் இருப்பதற்கு வேலையில்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விண்டோஸ் அந்த இஎக்ஸ்இ கோப்பையும் (புரோகிராமின் முதன்மைக் கோப்பு), அது பயன்படுத்தும் டிஎல்எல் கோப்புகளையும் (துணை நிரல் கோப்புகள்) மெமரியோடு 'மேப்' செய்துகொள்கிறது. கோப்பின் எந்தத் துண்டு, அதாவது 'பக்கம்', தேவையோ அதைத் தேவைப்படும் நேரத்தில் டிஸ்கிலிருந்து எடுக்கும். நீங்கள் இதுவரை தொடாத ஒரு மெனு இருக்கிறதென்று வையுங்கள். அதற்கான நிரல் இன்னும் டிஸ்கிலேயே கிடக்கலாம். மெமரி பற்றாக்குறை வந்தால், ஏற்கெனவே எடுத்த பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, வேண்டும்போது மறுபடி அதே கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இப்போது நடுவில் ஒருவர் வந்து அந்தக் கோப்பின் மேலேயே புதிய பதிப்பை எழுதிவிட்டால்? முன்பே எடுத்த பக்கங்கள் பழையவை, இனி எடுக்கும் பக்கங்கள் புதியவை. நுனிக்கிளையில் ஒருவர் உட்கார்ந்திருக்க, அடிக்கிளையை இன்னொருவர் வெட்டும் கதை. அதனால் விண்டோஸ் அதை அனுமதிப்பதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இஎக்ஸ்இயை அழிக்கப் போனால் பிழை எண் 5, அதாவது அனுமதி மறுப்பு. வேறு ஒரு புரோகிராம் பகிர மறுத்துத் திறந்து வைத்திருக்கும் சாதாரணக் கோப்பாக இருந்தால் பிழை எண் 32.

சரி, இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நிறுவாமலே ஓடக்கூடிய ஏதாவது ஒரு சின்ன இஎக்ஸ்இயை டெஸ்க்டாப்பில் வைத்து ஓட்டுங்கள். அது ஓடும்போதே அழித்துப் பாருங்கள். முடியாது. இப்போது அதே கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்.

[திரையில்: ஓடும் புரோகிராமின் கோப்பு அழிய மறுக்கிறது. பெயர் மாற்றினால், சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. புரோகிராம் தொடர்ந்து ஓடுகிறது.]

மாறிவிட்டது, பார்த்தீர்களா! உள்ளடக்கத்தில் கை வைக்கக் கூடாது, ஆனால் அதே டிரைவுக்குள் பெயரை மாற்றலாம், இடத்தையும் மாற்றலாம். இன்ஸ்டாலர் எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய டிஎல்எல்லுக்கு வேறு பெயர் கொடுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் புதியதை வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஓடுபவை பழையதைப் பிடித்துக்கொண்டு ஓடும், புதிதாகத் திறப்பவை புதியதை எடுக்கும். மிச்சம் இருப்பது ஓரமாகத் தள்ளிய பழைய கோப்பு ஒன்றுதான். அதை யாராவது ஒருநாள் அழிக்க வேண்டும். சி டிரைவில் 'கான்ஃபிக் டாட் எம்எஸ்ஐ' என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரையும், அதற்குள் ஆர்பிஎஃப் என்று முடியும் கோப்புகளையும் சிலர் பார்த்திருப்பீர்கள். விண்டோஸோடு வரும் 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' என்ற நிறுவல் சேவை, நிறுவல் பாதியில் தோற்றால் பழையபடி திரும்புவதற்காக ஒதுக்கி வைக்கும் பழைய கோப்புகள் அவை.

எல்லா இன்ஸ்டாலரும் இந்த வழியில் போவதில்லை. சிலது புதிய கோப்பைத்தான் வேறு பெயரில் ஓரமாக வைக்கும். ஆளில்லாத நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு. எப்படிப் பார்த்தாலும், "அடுத்த முறை கணினி ஆரம்பிக்கும்போது இதைச் செய்" என்று ஒரு குறிப்பு தேவைப்படுகிறது.

அதற்கு விண்டோஸ் கொடுக்கும் வசதியின் பெயர் 'மூவ்ஃபைல்இஎக்ஸ்' என்ற ஃபங்ஷன். அதில் 'ரீபூட் (அதாவது ரீஸ்டார்ட்) வரை தள்ளிப்போடு' என்று ஒரு கொடி, அதாவது கூடவே கொடுக்கும் ஒரு விருப்பக் குறி, இருக்கிறது. அந்தக் கொடியோடு கூப்பிட்டால் எந்தக் கோப்பும் அந்த நேரத்தில் நகராது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு வரி சேரும், அவ்வளவுதான். லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், செஷன் மேனேஜர் என்று உள்ளே போனால், 'பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்' என்று ஒரு மதிப்பு இருக்கும். நிலுவையில் இருக்கும் பெயர்மாற்றங்கள். அதுதான் நான் சொன்ன சீட்டு.

[திரையில்: அந்த மதிப்பின் உள்ளே நான்கு வரிகள்.]

\??\சி:\செயலி\பழையது.டிஎல்எல்
(வெற்று வரி)
\??\சி:\செயலி\புதியது.டிஎம்பி
!\??\சி:\செயலி\முக்கியம்.டிஎல்எல்

இரண்டிரண்டு வரியாகப் படிக்க வேண்டும். முதல் வரி எந்தக் கோப்பு, இரண்டாவது வரி அதற்கு என்ன புதுப் பெயர். இரண்டாவது வரி வெறுமையாக இருந்தால், "பெயரே வேண்டாம், அழித்துவிடு" என்று அர்த்தம். நான்காவது வரியில் ஆச்சரியக்குறி இருக்கிறதே, அது "அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தாலும் பரவாயில்லை, அதன் மேல் வை" என்ற உத்தரவு. முன்னால் இருக்கும் அந்த விசித்திரமான கேள்விக்குறிகள், விண்டோஸின் மையப்பகுதியான கெர்னல் தனக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் முறை. முன்னால் எதுவும் இல்லாமல் வெறும் சி:, டி: என்று பாதையை எழுதுவதெல்லாம் நமக்கும் நம் புரோகிராம்களுக்கும் புரிவதற்காக மேலே போட்ட மேல்பூச்சு. இந்தச் சீட்டைப் படிப்பவர் அந்த மேல்பூச்சு வருவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுகிறவர்.

யார் அவர்? 'எஸ்எம்எஸ்எஸ்', செஷன் மேனேஜர். கெர்னல் எழுந்தவுடன் அதற்கு வெளியே பிறக்கும் முதல் புராசஸ், அதாவது ஓடும் புரோகிராம், இதுதான். லாகின் திரை இன்னும் வரவில்லை, சர்வீஸ்கள் எதுவும் கிளம்பவில்லை. முதலில் டிஸ்க் சரிபார்ப்பு ஓடி முடியும். அது முடிந்த கையோடு, பேஜ் ஃபைல் (மெமரி போதாதபோது டிஸ்கில் பயன்படும் கோப்பு) உருவாவதற்கும் முன்பாக, இந்தச் சீட்டு பிரிக்கப்படும். அந்த நேரத்தில் உங்கள் புரோகிராமின் டிஎல்எல்லை யாரும் பிடித்துக்கொண்டிருக்க வழியில்லை. பிடிப்பதற்கு ஆட்களே இன்னும் வரவில்லையே! மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஜோடியாகச் செய்து முடித்துவிட்டு, அந்த மதிப்பை ரெஜிஸ்ட்ரியிலிருந்தே நீக்கிவிடும்.

இவ்வளவு சீக்கிரமாக நடப்பதால் சில கட்டுப்பாடுகள் தானாக வந்துவிடுகின்றன. நெட்வொர்க் கிடையாது, எனவே வேறு கணினியில் பகிரப்பட்ட கோப்பைச் சீட்டில் எழுத முடியாது. ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு நகர்த்தவும் முடியாது, ஏனென்றால் அது பெயர்மாற்றம் இல்லை, நகலெடுத்து அழிப்பது. ரீபூட் கொடியோடு, 'நகலெடுக்கலாம்' என்ற இன்னொரு கொடி சேராது. நல்ல இன்ஸ்டாலர்கள் புதிய கோப்பை, அது போய்ச் சேரவேண்டிய ஃபோல்டரிலேயே தற்காலிகப் பெயரில் இறக்கி வைப்பது இதனால்தான். அப்புறம், எழுதப்படும் இடம் லோக்கல் மெஷின் கிளை என்பதால் அட்மின் அனுமதி கட்டாயம். அதுவும் வேண்டியதுதான். ஆண்டிவைரஸ் விழிப்பதற்கு முன்பே அதன் கோப்பை அழி என்று ஒரு கெட்ட புரோகிராம் எழுதி வைத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். விடாப்பிடியான வைரஸை ஒழிக்க ஆண்டிவைரஸ்களும் இதே சீட்டைத்தான் நம்பியிருக்கின்றன என்பது இன்னொரு பக்கம்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஆர்வத்தில் இந்த மதிப்பைத் திறந்து பார்ப்பீர்கள், தெரியும். பாருங்கள், ஆனால் ஓகே பட்டனை அழுத்தாதீர்கள், கேன்சல் கொடுத்து வெளியே வாருங்கள். இந்த வகை மதிப்பில் வெற்று வரி இருக்கக்கூடாது என்பது ரெஜிஸ்ட்ரி எடிட்டரின் நம்பிக்கை. "வெற்று வரிகளை நீக்குகிறேன்" என்று ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு நீக்கியும் விடும். ஆனால் நம் சீட்டில் வெற்று வரிக்குத்தான் 'அழி' என்ற அர்த்தமே! நம் நான்கு வரி இப்போது மூன்று வரி ஆகிவிட்டது. "பழையதை அழி" என்ற கட்டளை, "பழையதற்குப் புதியது என்று பெயர் வை" என்று மாறிப்போகும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு வரி தள்ளிப்போய்த் தப்பாகச் சேரும். ஒரு எழுத்தைக்கூட நாம் மாற்றவில்லை, வெறும் ஓகே கொடுத்தோம். சும்மா பார்க்க வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் 'பெண்ட்மூவ்ஸ்' என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அது படித்துக் காட்டும், வேறு எதையும் தொடாது.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம், தோற்றால் சொல்ல ஆளில்லை என்பது. இன்ஸ்டாலர் எப்போதோ போய்விட்டது. கோப்பு இல்லையென்றால் செஷன் மேனேஜர் அடுத்த ஜோடிக்குப் போய்விடும், உங்களிடம் வந்து முறையிடாது. "பிறகு" கொடுத்துவிட்டு, இடையில் டிஸ்கில் இடம் வேண்டுமென்று ஏதோ ஒரு கிளீனரை ஓட்டி, தற்காலிகக் கோப்புகளையெல்லாம் சுத்தம் செய்கிறீர்கள். காத்திருந்த புதிய டிஎல்எல்லும் அதோடு போய்விட்டது. ரீஸ்டார்ட் ஆன பிறகு பாதி புதிய பதிப்பு, பாதி பழைய பதிப்பு. ஒரு முறை எனக்கே இப்படி ஆகி, புரோகிராம் திறந்தவுடன் மூடிக்கொண்டே இருந்தது. பழியை அதை எழுதியவர்கள் மேல் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். கிளீனர் ஓட்டியது நான்தான்.

அடுத்தது இதைவிடப் பரவலான குழப்பம். "நான்தான் ராத்திரி ஷட்டவுன் செய்து காலையில் ஆன் செய்தேனே, இன்னும் ரீஸ்டார்ட் கேட்கிறதே?" விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் இதற்குக் காரணம். அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. உங்களை லாக்அவுட் செய்துவிட்டு, கெர்னலின் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி உறங்க வைக்கிறது. காலையில் அதே கெர்னல் விழிக்கிறது. புதிதாகப் பிறக்கவில்லை, எனவே சீட்டும் பிரிக்கப்படவில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நம் உள்ளுணர்வுக்கு இது நேர்மாறு. ஷட்டவுன்தான் பெரியது, ரீஸ்டார்ட் சின்னது என்று தோன்றும்.

நிறையக் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு எண்: 3010. விண்டோஸ் இன்ஸ்டாலர் வேலையை முடித்துவிட்டு இதைத் திருப்பினால், "வெற்றி, ஆனால் ரீஸ்டார்ட் பாக்கி" என்று பொருள். பூஜ்யம் வராததெல்லாம் தோல்வி என்று ஸ்கிரிப்ட் எழுதி வைத்து, அதே தொகுப்பைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 1641 என்று வந்தால், ரீஸ்டார்ட்டையும் அதுவே தொடங்கிவிட்டது.

சரி, விண்டோஸ் 95, 98 காலத்தில்? ரீபூட் வரை தள்ளிப்போடும் அந்த ஃபங்ஷன் அங்கே கிடையாது. விண்டோஸ் ஃபோல்டரில் 'வின்இனிட் டாட் ஐஎன்ஐ' என்ற சாதாரண உரைக் கோப்பு இருக்கும். அதில் 'ரீநேம்' என்ற தலைப்பின் கீழ் இன்ஸ்டாலர் எழுதி வைக்கும். இடப்பக்கம் போய்ச் சேரவேண்டிய பெயர், வலப்பக்கம் இப்போதைய பெயர். அழிக்க வேண்டுமென்றால் இடப்பக்கம் 'நல்'. நீளமான பெயர்களைப் புரிந்துகொள்ளும் பகுதி எழுவதற்கு முன்பே இது ஓடிவிடும் என்பதால், எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து நீட்சி என்ற பழைய வடிவில்தான் எழுத வேண்டும்.

லினக்ஸ்காரர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. உண்மையான கோப்பு ஐநோட் என்ற எண்ணிட்ட பதிவாக இருக்கிறது, பெயர் அதைச் சுட்டும் ஒட்டுச்சீட்டு. பெயரை எடுத்துவிட்டுப் புதிய கோப்பின் மேல் அதே பெயரை ஒட்டலாம். பழையதைப் பிடித்திருக்கும் புரோகிராம் விடும்வரை பழையது பெயரில்லாமல் உயிரோடு இருக்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் "லினக்ஸுக்கு ரீஸ்டார்ட்டே தேவையில்லை" என்பது பாதி உண்மை. பாதுகாப்பு ஓட்டையை அடைத்த புதிய லைப்ரரி டிஸ்கில் வந்துவிட்டது, சரி. பத்து நாளாக ஓடும் சர்வர் புரோகிராம் இன்னும் ஓட்டையுள்ள பழையதைத்தான் பிடித்திருக்கிறது. எதையெதை மறுபடி தொடங்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் 'நீட்ரீஸ்டார்ட்' என்று ஒரு கருவி இருக்கிறது. விண்டோஸ் கதவை மூடி ரீஸ்டார்ட் கேட்கிறது. லினக்ஸ் கேட்காமல் விட்டுவிடுகிறது. எனக்கு என்னவோ, கேட்பதே மேல் என்று படுகிறது.

விண்டோஸிலும் ரீஸ்டார்ட்டைக் குறைக்க வழிகள் வந்திருக்கின்றன. விஸ்டாவில் வந்த ரீஸ்டார்ட் மேனேஜர், எந்தப் புரோகிராம் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மூடி, மாற்றி, திரும்பத் திறக்க உதவுகிறது. "பின்வரும் புரோகிராம்களை மூடவும்" என்று வரும் பட்டியல் பெரும்பாலும் அதன் கைவேலை. குரோம் பிரவுசர் சண்டையே வேண்டாமென்று, ஒவ்வொரு பதிப்பையும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட தனி ஃபோல்டரில் வைக்கிறது. நீங்கள் பழையதில் உலவும்போதே புதியது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை திறக்கும்போது மாறிவிடும்.

[திரையில்: மறுபடி அதே ரெஜிஸ்ட்ரி பாதை.]

இப்போது நம் கணினிக்கே வருவோம். 'இப்போதே ரீஸ்டார்ட்' கொடுக்கிறேன். லாகின் செய்து, அதே செஷன் மேனேஜர் கிளையைத் திறக்கிறேன். நான்கு வரி இருந்த அந்த மதிப்பையே காணோம். செயலி ஃபோல்டரில் 'பழையது' இல்லை. 'புதியது' என்ற பெயரும் இல்லை. 'முக்கியம்' மட்டும் இருக்கிறது. வலது கிளிக் செய்து பண்புகளில் பதிப்பு எண்ணைப் பார்க்கிறேன். புதிய எண்.