50 ரூபாப் போத்தல் காசு: போயாவுக்கு முந்தைய மாலை நடந்தது

வணக்கம் உறவுகளே! காலை ஆறேகால் மணி. திருகோணமலை டச் பே கடற்கரையில் இருக்கிறேன். இடது பக்கம் கோட்டை, அதற்கு மேலே கோணேசர் கோயில் மலை, நேரே சூரியன். பின்னால் நிற்கும் மானைக் கண்டுகொள்ளாதீர்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் எல்லோரிடமும் எதையாவது எதிர்பார்த்து வரும். என் பையில் கச்சான் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் தாளைப் பாருங்கள். 50 ரூபா. மடித்து, கசங்கி, மூலையில் ஈரம் பட்ட தாள். மூன்று நாளாக இது என் சட்டைப் பையில் இருக்கிறது. செலவழிக்க மனம் வரவில்லை. இதை வாங்கியெடுக்க நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் காணொளி.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு கடை, ஒரு பெரிய போத்தல் பியர். 625 மில்லிலீற்றர், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் போவேன். வாசலைப் பார்த்தபடி உட்காருவேன். போத்தலின் முகத்தைக் கமராவுக்குக் காட்டமாட்டேன். மதுவுக்கு விளம்பரம் செய்வதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, எனக்கும் அதில் முழு உடன்பாடுதான். எந்தக் கடை என்றும் சொல்லப்போவதில்லை. நகருக்குள் இருக்கிறது, அவ்வளவு போதும். பெயரைக் கேட்டு எழுதாதீர்கள்.

முதலில் அந்த இடத்தைச் சொல்கிறேன். வாசலில் பச்சை வலை. உள்ளே போனால் இடது கையில் கம்பிக் கூண்டு. கூண்டில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் காசாளர், இந்தப் பக்கம் நாம். வங்கியில்கூட இப்போது கண்ணாடிதான் இருக்கிறது. இங்கே பியர் விற்பதற்கு இரும்புக் கம்பி. அதைத் தாண்டினால் நான்கு மேசைகள், ஒரேயொரு குழல் விளக்கு, அதுவும் துடித்துக்கொண்டிருக்கிறது. கதிரைகள் மொத்தம் ஏழு. எண்ணினேன். முப்பது பேருக்கு மேல் நிற்கிறார்கள்.

நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மேசை நிற்கும், பிறகு அடுத்த மேசை, கடைசியில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும். எல்லோரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்க்கிறார்கள். கையில் என்ன வைத்திருக்கிறான்? என் கையில் கமரா. உடனே பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினேன். ஆகவே உள்ளே எடுத்த காட்சி ஒன்றுகூட இல்லை. குடிக்கிற மனிதனின் முகத்தை அவன் அனுமதியில்லாமல் எடுப்பது பெரும் பிழை. வீட்டில் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ஒருவர் மட்டும் பார்வையை எடுக்கவில்லை. தடித்த மனிதர், கழுத்தில் துவாய், கையில் ஸ்ட்ராங் பியர். இந்த 8.8 சதவீதப் பியர் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பல தடவை சொல்லிவிட்டேன். அதில் சுவை இல்லை, இனிப்பும் எரிவும்தான். காசுக்கு அதிக வெறி என்ற ஒரே கணக்கில் வாங்குகிறார்கள். குடிப்பதற்கு ஒரு மணி நேரமும் உட்கார ஒரு கதிரையும் கொடுத்தால் பாதிப் பேர் அதைத் தொடமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். நின்றுகொண்டே பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டியவன் வேறு எதை வாங்குவான்?

அவர் என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். என் சிங்களம் சந்தைச் சிங்களம். மீனுக்கு விலை பேசலாம், சண்டைக்குப் பதில் சொல்ல முடியாது. "எந்த ஊர்?" என்று பிறகு தமிழிலேயே கேட்டார். "உவர்மலை" என்றேன். "அப்படியென்றால் அங்கே குடிக்க வேண்டியதுதானே" என்றார். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் சிரிக்கவில்லை. எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் காசு கட்டியாகிவிட்டது, போத்தலும் திறந்தாகிவிட்டது.

இப்போது பில்லுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பியர் 850. கடலை 200. குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டேன், ஒரு லீற்றர் போத்தலைத் தள்ளி 100 எழுதினார்கள். சரி, அதையும் விடுவோம். மொத்தம் 1,150 வரவேண்டும். 1,500 கொடுத்தேன், 300 வந்தது. "மிச்சம் 50 எங்கே?" என்றேன். "போத்தல் காசு" என்றார் கூண்டுக்குள் இருந்தவர்.

போத்தல் காசு என்றால் என்னவென்று வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்குச் சொல்கிறேன். இங்கே பியர் போத்தலைக் கழுவித் திரும்ப நிரப்புகிறார்கள். வீட்டுக்கு எடுத்துப் போனால் வெற்றுப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குரிய காசை வைப்பாகக் கட்ட வேண்டும். நல்ல முறை அது. கடற்கரையில் உடைந்த கண்ணாடி குறைகிறது. நான் வெறுங்காலோடு இங்கே நடப்பதற்கு அந்த முறைக்கும் ஒரு நன்றி. ஆனால் நான் போத்தலை எடுத்துப் போகவில்லையே! அவர்களுடைய மேசையில், அவர்களுடைய கண் முன்னால் குடிக்கிறேன். குடித்துவிட்டு அங்கேயே வைக்கப்போகிறேன். அப்படியானால் அந்தக் காசு எதற்கு?

"முடித்துவிட்டுப் போத்தலைக் கொண்டுவந்து தா தம்பி, தருகிறேன்" என்றார். நியாயம்தான் என்று நினைத்தேன். குடித்தேன். கடைசி மிடறு தொண்டையில் இறங்கவே இல்லை, துவாய்க்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றுப் போத்தலோடு கூண்டுக்குப் போனேன். "பிறகு வா" என்றார். பத்து நிமிடம் நின்றேன். "சில்லறை இல்லை" என்றார். என் கண் முன்னாலேயே இன்னொருவருக்கு இரண்டு 50 ரூபாத் தாள் கொடுத்தார். நான் போத்தலை ஓட்டைக்குள் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. நான் கையை எடுக்கவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது, ஒருவர் என் முதுகில் முழங்கையை வைத்து அழுத்துகிறார், "50 ரூபாவுக்காகவா நிற்கிறாய்?" என்று துவாய்க்காரர் சத்தமாகக் கேட்கிறார்.

ஆமாம், 50 ரூபாவுக்காகத்தான் நின்றேன். அங்கே நிற்கும் முப்பது பேரும் கூலி வேலை செய்து, வலை இழுத்து, கல் உடைத்து வந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் 50 போனால் ஒரு மாலைக்கு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். குடிகாரன் கேட்கமாட்டான், கேட்டால் வெட்கம், யாரிடமும் போய் முறையிடவும் மாட்டான் என்ற தைரியம்தானே அது? எனக்கு அதுதான் தாங்கவில்லை. கை நடுங்கியது, மறைக்கவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை. கடைசியில் தாளைச் சுருட்டி எறிந்தார். கீழே ஈரத்தில் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தத் தாள்தான் இது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், முக்கியமானது. அன்று போயாவுக்கு முந்தைய நாள். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை தினத்தில், நாடு முழுவதும் மதுக்கடைகளுக்குப் பூட்டு. ஆகவே முந்தைய மாலை எல்லோரும் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்க வருவார்கள். கூண்டுக்குள் இருந்தவர் மதியத்திலிருந்து உட்கார்ந்திருப்பார், அவருக்கும் பொறுமை போயிருக்கும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம். நாள்காட்டியைப் பார்க்காமல் போனது என் தவறு. ஆனால் போத்தல் காசு போயாவால் வந்ததல்ல.

எங்கள் ஊர்க் கடைகளில் இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் இளைஞனாக இருந்தபோது இருட்டுவதற்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இடையில் சோதனைச் சாவடி. வாயில் வாசத்தோடு அங்கே நிற்க யாருக்கும் விருப்பமில்லை. அதனால் பெரியவர்கள் நின்றபடியே, பேசாமல், மருந்து குடிப்பதுபோல் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள். அப்போது புதிதாக யாராவது உள்ளே வந்தால் பேச்சு நிற்கும், நிற்க வேண்டிய காரணமும் இருந்தது. போர் 2009இல் முடிந்தது. எங்கள் தெருவில் இருந்த சாவடியும் போனது. அந்தக் கடைகளுக்குள் மட்டும் இன்னும் அதே மாலை நடந்துகொண்டிருக்கிறது. துவாய்க்காரர் என்னை அப்படிப் பார்த்ததற்கும் அதுதான் காரணமோ என்று நேற்றிரவு தோன்றியது. என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும் அவருக்கு.

நிலாவெளிப் பக்கத்துக் கள்ளுத் தவறணைக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கேயும் முதலில் ஒருவரும் பேசவில்லை. ஆனால் கிடுகுக் கொட்டிலில் நாலு பக்கமும் வெளிச்சம், காற்று, யார் வருகிறார், யார் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். கூண்டு இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு ஐயா வாங்கில் நகர்ந்து இடம் விட்டார். "காலையில் இறக்கியது, இப்போது குடி தம்பி, பின்னேரம் புளித்துவிடும்" என்றார். கள் அப்படித்தான். மரத்திலிருந்து இறங்கும்போது இனிப்பு, முட்டியிலேயே நொதிக்கத் தொடங்கி, மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது, அது கருப்பநீர். பனையோலைப் பிளாவில் குடித்த காலத்தை அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பிளாஸ்டிக் கோப்பைதான், அது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் அங்கே எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்காமலே வந்தது. காசு வாங்கவில்லை.

மானே, போ! கச்சான் முடிந்துவிட்டது.

அக்காவின் கதையையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்டிருந்தீர்கள். கனடாவிலிருந்து அக்கா வந்திருந்தபோது நகரில் குளிரூட்டி போட்ட ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு கிளாஸ் கேட்டேன், ஒன்று வந்தது. "அம்மாவுக்குக் கொடுக்க முடியாது அண்ணை" என்றான் பரிமாறிய பையன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளுக்குள்ளேயே அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறும்படி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவிட்டார். அதே பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில், வெள்ளைக்காரப் பெண்கள் கால் நீட்டிப் படுத்தபடி பியர் குடித்துக்கொண்டிருந்ததை அக்கா பார்த்துக்கொண்டே நடந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறந்த ஊரில், தன் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார முடியவில்லை. அந்த மௌனம் எனக்கு இந்தக் கூண்டைவிட வலித்தது.

அக்கா வரும் ஆவணியில் திரும்பவும் வருகிறார். ஆகவே ஓர் உதவி. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளைச் சொல்லாதீர்கள், அங்கே ஒரு போத்தலுக்குக் கேட்கும் விலையில் நான் மூன்று சனிக்கிழமை ஓட்டுவேன். நம் ஊர் மனிதர்கள் போகிற இடமாக இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், ஆளுக்கொரு கதிரை வேண்டும், கேட்டால் ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டும், அக்கா உள்ளே வந்தால் பேச்சு நிற்கக் கூடாது. மூதூராக இருந்தாலும் பரவாயில்லை, சீனக்குடாவாக இருந்தாலும் பரவாயில்லை, வருகிறேன். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கடையின் பெயரோடு, போத்தல் காசு வாங்குகிறார்களா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.