நடுக்கம் நின்ற பிறகு

வணக்கம் நேயர்களே. பார்க்கின்சன் நோய்க்காக மூளைக்குள் மின்முனை பொருத்திக்கொள்ள வருபவர்கள், "கை நடுக்கம் நிற்குமா, டாக்டர்?" என்றுதான் கேட்பார்கள். மனசு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழுவினர் 1987-இல் தொடங்கிய சிகிச்சை இது. இன்று பெரும்பாலும் மின்முனை போய்ச் சேரும் இடம், மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலாமிக் கரு என்ற சிறு நரம்பணுத் திரள். பயற்றம்பருப்பை விடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அதன் மேற்பகுதி உடலசைவுக்கு. கீழ் உள்முனை உணர்ச்சிக்கு. மார்புத் தோலுக்கடியில் வைத்த கருவியிலிருந்து நொடிக்கு சுமார் 130 துடிப்பாகப் போகும் மின்சாரம் கீழே கசிந்தால், ஆள் மாறிவிடுவார். தூக்கம் வராது, பேச்சு நிற்காது, பணம் தண்ணீராய்ப் போகும். "அப்பா பழையபடி கலகலப்பாகிவிட்டார்" என்று வீடே மகிழ்ந்துகொண்டிருக்கும்! கருவியின் மின்அளவை மாற்றிய சில மணிநேரத்தில் அல்லது சில நாளில் இது தொடங்கினால், சந்தேகம் கருவி மேல்தான் விழவேண்டும். மின்முனையில் மின்சாரம் வெளிவரும் தொடுமுனைகளில் மேலே உள்ளதற்கு மாற்றினாலோ மின்அளவைக் குறைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் அளவு மாற்றிய தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

இதற்கு நேர்மாறானது மெதுவாக வரும். ஆபரேஷனுக்குப் பின் பார்க்கின்சன் மாத்திரையை மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதிகூடக் குறைப்போம். அவசரப்பட்டுக் குறைத்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மனிதர் எதிலும் ஒட்டாமல் போவார். நன்றாக நடப்பார், ஆனால் நாற்காலியை விட்டு எழமாட்டார். அது சோம்பல் அல்ல, மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் பற்றாக்குறை; மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினால் பலருக்குத் திரும்பி வரும். தற்கொலை அபாயமும் முதல் ஆண்டில்தான் அதிகம். "சாகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது.

ஆபரேஷனுக்கு முன்பே விசாரிக்க வேண்டியது ஒன்று. டோபமினைப் போலவே வேலைசெய்யும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பார்க்கின்சன் மாத்திரைகள் சிலரைச் சூதாட்டம், பொருள் வாங்கிக் குவித்தல், அடங்காத காமம், நள்ளிரவுத் தீனி என்று இழுத்துவிடும். கைப்பேசி ரம்மியில் போன பணத்தை எந்த நோயாளியும் தானாகச் சொல்லமாட்டார். மனைவியையோ கணவரையோ தனியாக அழைத்துக் கேட்டால்தான் தெரியும். தெரிந்ததும் வீட்டிலேயே மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பதற்றம், வியர்வை, கடும் மனச்சோர்வு வரலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.