கார் ஓடலாம், கேமரா ஆடக்கூடாது

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் பந்திங் வட்டாரத்தில் லேத்து, வெல்டிங் வேலை செய்கிற பட்டறைக்காரன். செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லரில் கொக்கி உடைந்தாலும், கோயில் வாசல் கேட் தொங்கிப்போனாலும் எங்களிடம்தான் கொண்டு வருவார்கள். உங்கள் தொழிலைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டபோது, அண்மையில் செய்த ஒரு சின்னச் சாமான்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் காரில் கேமரா வைப்பதற்கான தாங்கி.

என் அக்கா மகன் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. பல வருடம் காசு சேர்த்து ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினான். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி வகை அது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின். அவன் சடக்கில் வேகம் காட்டுகிறவன் இல்லை. சிப்பாங் கார் பந்தயத் தடத்தை ஆர்வலர்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் காசு கட்டி, ஹெல்மெட் போட்டு, அங்கே போய் ஓட்டுவான். அந்தத் தடம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. எங்கே பிரேக் சீக்கிரம் அடித்தோம், எந்த வளைவில் ஸ்டீயரிங்கை அதிகமாகத் திருப்பினோம் என்று பிறகு பார்த்துக் கற்றுக்கொள்ள அவனுக்குப் படம் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து போனை நீட்டினான். “மாமா, கேமரா கெட்டுப்போச்சான்னு பாருங்க.” படத்தில் ஸ்டீயரிங் பாம்பு மாதிரி நெளிகிறது. கண்ணாடிச் சட்டம் ஜெல்லியைத் தட்டிவிட்டது போலத் துளும்புகிறது.

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. இப்போது வரும் சின்னக் கேமராக்கள் பெரும்பாலும் படத்தை ஒரே நேரத்தில் முழுதாகப் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கின்றன. முதல் வரி படித்துக் கடைசி வரி வருவதற்குள் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் நேர்க்கோடு வளைந்து விழும். அந்த அசைவு எங்கிருந்து வருகிறது என்றுதான் தேட வேண்டும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 200 தட்டு. சும்மா நிறுத்தி வைத்து ஓடவிட்டால் சுமார் 850 சுற்று, அதாவது நொடிக்கு 28 தட்டு. கேமராவைப் பிடித்திருக்கும் கம்பி இந்தத் தட்டுகளுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அந்தக் கம்பியைச் செய்து கொடுத்தவன் நான்தான். அதனால் நானே கொஞ்சம் விளக்க வேண்டும்.

கடையில் விற்கிற தாங்கிகள் பலவும் இருக்கையின் தலைத்தாங்கிக்கு உள்ளே இருக்குமே இரண்டு குச்சி, அதைப் பிடித்துக்கொள்கிறவை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் தலைத்தாங்கி இருக்கையோடு ஒன்றாகவே வருகிறது, கழற்ற முடியாது, குச்சியே கிடையாது. சரி, ரப்பர் கிண்ணம் மாதிரி உறிஞ்சிப் பிடிக்கும் தாங்கி இருக்கிறதே என்றால், அந்த வண்டியின் பின்கண்ணாடி கண்ணாடியே இல்லை, மடங்கும் பிளாஸ்டிக். கூரையோ துணி. முன்கண்ணாடியில் ஒட்டலாம்தான், ஆனால் அங்கிருந்து கை தெரியாது, ஸ்டீயரிங் தெரியாது. அவனுக்கு வேண்டியது ஓட்டுகிறவனின் தோளுக்குப் பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வை. மிச்சம் இருந்தது இருக்கைகளுக்குப் பின்னால் முந்தைய சொந்தக்காரர் பொருத்தியிருந்த ரோல் பார் மட்டும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்றுகிற இரும்புக்குழாய் வளைவு அது.

நான் 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி ஒன்றை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நுனியில் தகடு வைத்துப் பற்றவைத்து, இரண்டு ஹோஸ் கிளிப்பால் அந்தக் குழாயில் இறுக்கிக் கொடுத்தேன். கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அவ்வளவு தடிமனான கம்பி எப்படி ஆடும் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து காட்டுங்கள். ஒரு ஸ்கேலை மேசை விளிம்பில் பாதிக்கு மேல் வெளியே நீட்டி, மேசைமேல் உள்ள பகுதியை அழுத்திப் பிடித்து, நுனியைச் சுண்டிவிடுங்கள். ‘தொய்ங்’ என்று மெதுவாக, அகலமாக ஆடும். இப்போது உள்ளே தள்ளி, நாலு விரல் அளவு மட்டும் வெளியே விட்டுச் சுண்டுங்கள். ‘டிர்ர்’ என்று சட்டென அடங்கும். ஸ்கேல் அதேதான், நீளம்தான் மாறியது. ஒரு பக்கம் மட்டும் பிடித்த கம்பியின் நுனியில் ஒரே எடையை வைத்தால், அது வளைகிற அளவு நீளத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒன்று. ஐந்தில் ஒன்றாக்கினால் 125இல் ஒன்று. நான் கொடுத்த 30 சென்டிமீட்டர் கம்பிமேல் கேமரா ஏறியபோது அதன் சொந்த ஆட்டம் எஞ்சின் சும்மா ஓடும்போது வரும் தட்டுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி ஏறுமோ அப்படி. வண்டி நின்ற இடத்திலேயே படம் துள்ளியதற்கு அதுதான் காரணம்.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை என்பதுதான் மனத்தை உறுத்தியது. செம்பனை உயரமாக வளர்ந்துவிட்டால் குலையை நீண்ட கழியின் நுனியில் கட்டிய வளைந்த அரிவாளால்தான் அறுப்பார்கள். இப்போது அலுமினியக் கழி. நான் சிறுவனாக இருந்தபோது மூங்கில். அரிவாளின் வாலைக் கழியோடு சேர்த்து, சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்து, ஒவ்வொரு சுற்றையும் பல்லைக் கடித்து இழுத்து இழுத்து என் பெரியப்பா சுற்றுவார். “கட்டு ஆடினா வெட்டு விழாதுடா” என்பார். கழி பத்தடி ஆடட்டும், அரிவாளும் கழியும் சேரும் இடத்தில் அசைவே இருக்கக்கூடாது. எங்கள் பட்டறைக்கு இன்றைக்கும் அந்த அலுமினியக் கழிகளின் கிளாம்ப் வருகிறது. வாரம் ஒன்றாவது சரிசெய்கிறேன். குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை அந்தக் கழிகளிடம் கற்றவன், ஒரு கேமராவுக்கு ஹோஸ் கிளிப் போட்டுக் கொடுத்திருக்கக்கூடாது.

அப்புறம் இரண்டாவது தாங்கி.

இரும்பில் செய்யலாம், அலுமினியத்தில் செய்யலாம். நான் மரம் எடுத்தேன், அதுவும் பால்மரம், அதாவது ரப்பர் மரம். இரும்பையும் அலுமினியத்தையும்விட மரம் அதிர்வைத் தனக்குள் வாங்கி அடக்கிவிடும். இரும்பைத் தட்டினால் மணி போல ஒலி நீடிக்கும், கட்டையைத் தட்டினால் ‘தொப்’ என்று முடிந்துபோகும். இந்தக் கட்டை எங்கள் வீட்டுக் கதையும்கூட. பால் வற்றிய மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். என் பாட்டி காலத்தில் அந்தக் கட்டை அடுப்புக்குத்தான் போனது. 1980களிலிருந்து அது மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. ஒன்று மட்டும் கவனம்: பச்சையாக இருந்தால் நீலம் பூத்துப்போகும், வண்டு துளைக்கும். நன்றாகக் காய்ந்து பதப்படுத்திய துண்டுதான் வேண்டும். தளவாடக் கடையில் கழித்துப்போட்ட ஒரு மேசைக்கால் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ரோல் பாரை வெர்னியரால் அளந்தேன். பெயின்ட்டோடு 45.4 மில்லிமீட்டர். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ ரோல் பாரின் முக்கியக் குழாய் வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவர்த் தடிமனும், அல்லது 50 மில்லிமீட்டரும் 2 மில்லிமீட்டரும் குறைந்த அளவாகக் கேட்கிறது. அந்தச் சுவரில் தயவு செய்து யாரும் துளை போடாதீர்கள், எதையும் பற்றவைக்காதீர்கள். உயிரைக் காக்கிற குழாய் அது. சுற்றிப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

கட்டையை நெடுக்காக இரண்டாக அறுத்தேன். இரண்டு பாதிக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் அட்டை வைத்து, நாலு 8 மில்லிமீட்டர் போல்ட்டால் மறுபடி சேர்த்து இறுக்கினேன். அப்படியே லேத்தில் நாலு தாடைச் சக்கில் பிடித்து, சேரும் கோட்டின் நடுவில் 45.4 வரை குடைந்தேன். கடைசிச் சுற்றுகளில் பால்மரத்தூள் மாவு மாதிரி வெளுப்பாக உதிர்ந்தது, பட்டறை முழுக்க லேசான புளிப்பு வாசம். குடைந்து முடித்து அட்டையை எடுத்துவிட்டால் அந்த இடைவெளிதான் இறுக்குவதற்கான இடம். இரண்டு பாதியும் ஒன்றோடொன்று முட்டாமல் குழாயை மட்டும் கவ்வும். உள்ளே மெல்லிய டியூப் ரப்பர் ஒட்டலாமா என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்றேன். ரப்பர் மெத்தென்று இருக்கும், ஆனால் அதுவே ஸ்பிரிங் ஆகிவிடும். பெயின்ட் கீறாமல் இருக்க ஒரு சுற்று துணி டேப் போதும். போல்ட் தலைக்கும் நட்டுக்கும் கீழே அகலமான வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் மரம் நசுங்கும். நட்டு உள்ளே நைலான் வளையம் வைத்தது.

மேலே 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, அதன்மேல் நேரடியாகக் கேமரா. குழாயின் மேல்பக்கத்திலிருந்து கேமரா நடுவரை 6 சென்டிமீட்டர்தான். கம்பியே இல்லை.

கேமராவின் அடியில் இருக்கும் ஓட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் கேமராவைக் கெடுக்கிறார்கள். அது கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 20 பல். நம் கடைகளில் முதலில் எடுத்துக் கொடுப்பது 6 மில்லிமீட்டர் போல்ட். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், பல்லின் இடைவெளி 1.27. மற்றதில் 6, இடைவெளி 1. இரண்டு சுற்று போகும், பிறகு தொளதொளக்கும், அழுத்தித் திருகினால் கேமராவின் மரை தேய்ந்து போகும். எங்கள் ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் வெள்ளைக்காரன் காலத்து இயந்திரங்களுக்கான விட்வொர்த் போல்ட் இன்னும் டப்பாவில் கிடக்கிறது. கால் அங்குல விட்வொர்த்தும் 20 பல்தான், பல்லின் கோணம் மட்டும் கொஞ்சம் வேறு, அதனால் அவசரத்துக்கு ஏறும். நான் கேமராவுக்குச் சரியான, யுஎன்சி என்கிற அங்குல மரை போல்ட்டே தேடி வாங்கினேன். இன்னொன்று, கேமராவுக்குள் அந்த ஓட்டையின் ஆழம் அரை சென்டிமீட்டர் அளவுதான். தகட்டைத் தாண்டி 4 மில்லிமீட்டர் மட்டும் நீளும்படி போல்ட்டை அறுத்து, நுனியை அரத்தால் மழுக்கிவிட்டேன்.

இனி பாதுகாப்பு. கேமரா கூட்டோடு சேர்த்து 300 கிராம். கையில் வைத்தால் ஒன்றுமே இல்லை. போட்டிக் கார்களில் தீயணைப்புக் குப்பியின் பிடி புவியீர்ப்பைப் போல 25 மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது எஃப்ஐஏ விதி. அதே கணக்கைப் போட்டால், மோதல் நேரத்தில் இந்த 300 கிராம் ஏழரைக் கிலோவாக மாறி முன்னால் பாயும். முன்னால் இருப்பது என் அக்கா மகனின் தலை. அதனால் மெல்லிய இரும்பு வடம் ஒன்றைக் கேமராக் கூட்டில் மாட்டி, மறுமுனையை ரோல் பாரையே சுற்றிப் பூட்டினேன். தாங்கியில் மாட்டக்கூடாது. தாங்கி உடைந்தால் எதற்கு அந்த வடம்? நீளம் ஒரு சாண்தான். விட்டுப்போனாலும் அவன் ஹெல்மெட்டை எட்டாது.

கடைசியாக ஒவ்வொரு நட்டின் மேலும் வாஷர்மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கேமராவில் படத்தை நிலைப்படுத்தும் வசதியையும் அணைத்துவிடச் சொன்னேன். வண்டி வளைவில் திரும்புவதைக் கை நடுக்கம் என்று நினைத்து அது படத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

சிப்பாங்குக்குப் போவதற்கு முன் தோட்டத்துச் செம்மண் சடக்கில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். பழைய பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் இறங்கி நான் கேமராவை விரலால் சுண்டினேன். ‘தொப்.’ அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

1985இல் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரீயில் ரெனோ அணி தன் மூன்றாவது காரில் கேமராவை ஏற்றி ஓட்டியது. கார் பந்தயத்தின் நடுவிலிருந்தே படம் வந்தது அங்கே. அன்றைக்கு அதற்கு ஒரு முழு அணி வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு மேசைக்காலும் 20 வெள்ளிக்குள் போல்ட்டும் போதும்.

சனிக்கிழமை மாலை படத்தோடு வந்தான். கியர் தலையில் அவன் கை. ஸ்டீயரிங்கின் தையல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. கடைசி வளைவுக்கு முன் நீளமான நேர்ச்சாலையில் எஞ்சின் கத்தும்போதும் கண்ணாடிச் சட்டம் நேராக நிற்கிறது. மூன்றாவது சுற்றில் பிரேக் எவ்வளவு சீக்கிரம் அடித்திருக்கிறான் என்று அவனே நிறுத்தி நிறுத்திக் காட்டினான். நான் படத்தைவிட நட்டுகளைத்தான் முதலில் பார்த்தேன். நாலில் மூன்றில் கோடு அப்படியே. ஒன்றில் மட்டும் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. மரம் வாஷருக்குக் கீழே கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. கால் சுற்று இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போட்டேன். அடுத்த மாதம் மறுபடி சிப்பாங் போகிறான். திரும்பி வந்ததும் வண்டியை நேராகப் பட்டறைக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.