ஒரே பாலிசியில் இரண்டு விலை

நேயர்களுக்கு வணக்கம்.

1956 ஜனவரி 19 அன்று, அன்றைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் இதே வானொலியில்தான் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு ஏற்றுக்கொள்ளும் செய்தியை நாட்டுக்கு அறிவித்தார். பாலிசிதாரர்களின் பணத்தை டால்மியா குழுமத்தின் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் எப்படிக் கையாண்டது என்பதை, அதற்கு முந்தைய மாதம் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் அம்பலப்படுத்தியிருந்தார். 245 நிறுவனங்கள் இணைக்கப்பட்டு, செப்டம்பர் 1-ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. இரண்டாண்டு கழிவதற்குள், அதே எல்.ஐ.சி.யின் பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளுக்குப் போனதை அதே ஃபெரோஸ் காந்தி எழுப்ப, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. முதலாளி மாறியதால் மட்டும் பணத்துக்குக் காவல் கிடைத்துவிடவில்லை.

கத்தரிக்காய் வாங்குபவர் சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்கலாம். காப்பீட்டில் பணம் இன்று கட்டுகிறோம். வாங்கிய சரக்கு எப்படிப்பட்டது என்பது, விபத்தோ நோயோ மரணமோ நேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது. ஆகவே, போட்டி இருந்தால் தரம் தானே உயரும் என்ற சந்தை விதி இங்கே பாதிதான் செல்லும். 2000-இல் தனியாருக்குக் கதவு திறந்தபோது, காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையமும் உடன் அமைந்தது இதனால்தான்.

நாமக்கல்லில் ஒரு லாரி உரிமையாளரின் பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் பிரீமியம் இரண்டாகப் பிரிந்திருக்கும். லாரிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்தை 2007 முதல் நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன, பேரம் பேசலாம். லாரியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான, தேர்டு பார்ட்டி எனப்படும் மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தையோ அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதில் ஒரு ரூபாய் குறையாது. விபத்துத் தீர்ப்பாயம் வழங்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லாதபோது, பிரீமியத்துக்கு மட்டும் வரம்பு கட்டினால் என்ன ஆகும்? நிறுவனங்களுக்கு நட்டம்தான். முன்பு தீ காப்பீட்டின் நிர்ணயக் கட்டணத்தில் கிடைத்த லாபம் இந்த நட்டத்தை மூடிவந்தது. 2007-இல் தீ காப்பீட்டு விலையும் அவிழ்த்துவிடப்பட்டு, தள்ளுபடிப் போட்டியில் அந்த லாபம் கரைந்தது. நிறுவனங்கள் லாரிகளைக் கண்டாலே ஒதுங்கின. வணிக வாகன நட்டத்தை எல்லா நிறுவனங்களும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுத் தொகுப்பு ஒன்று உருவாக்கப்பட்டு, அதுவும் 2012-இல் கைவிடப்பட்டது. இவ்வளவு சிக்கல் இருந்தும், சாலையில் அடிபடும் வழிப்போக்கரை நினைத்தால், இந்தக் கட்டணத்தை முழுவதும் சந்தையிடம் விட்டுவிடலாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பேரத்துக்கு உரிய பகுதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'போன வருஷத்தைவிட நாலாயிரம் குறைச்சு முடிச்சுத் தர்றேன் அண்ணே' என்று ஏஜென்ட் சொல்லும்போது, பல வேளைகளில் குறைந்திருப்பது வண்டியின் ஐ.டி.வி., அதாவது லாரி திருடுபோனால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை. பிரீமியத்தைப் பெரிய எழுத்தில் பார்க்கிறோம், இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. போட்டி விலையைக் குறைக்கும்போது வாக்குறுதியையும் சேர்த்தே குறைத்துவிடக்கூடும். எனவே ஆணையத்தின் கண் விலையைவிட வாக்குறுதியின் மீதே அதிகம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவக் காப்பீட்டில் 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நீங்கலாக, முந்தைய நோயை மறைத்தார் என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று 2024-இல் வந்த விதி, அந்த வகையில் சரியான திசையில் வைத்த அடி.

ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பாலிசிதாரர்களுக்குத் தர வேண்டியது போக, நிர்ணயிக்கப்பட்ட அளவைப்போல் ஒன்றரை மடங்கு உபரி நிதி நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் அடிப்படை நிபந்தனை. நிதிநிலை மோசமடைந்த சஹாரா ஆயுள் காப்பீட்டின் பாலிசிகளை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 2023-இல் ஆணையம் உத்தரவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட மூன்று அரசு நிறுவனங்கள் அந்த அளவுக்குக் கீழே சரிந்தபோதோ, வரிப்பணத்திலிருந்து மூலதனம் வந்தது. பாலிசி விற்பனையும் தொடர்ந்தது. பாலிசிதாரருக்கு அது நிம்மதிதான். ஆனால் ஆட்டக்காரராகவும் நடுவரை நியமிப்பவராகவும் அரசே இருக்கும் இந்த ஏற்பாட்டைச் சுட்டிக்காட்டி, போட்டி சமமானதல்ல என்று தனியார் நிறுவனங்கள் முறையிடும்போது, அதை வெறும் புலம்பல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நன்றி, வணக்கம்.