பாட்டில் ஏன் நிறைந்தே திரும்புகிறது?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சின்னப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காததற்குப் பெரிதும் காரணம் வீடா, பள்ளியா? பள்ளியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "அப்பா காபியிலும் அம்மா டீயிலும் பொழுதை ஓட்டுகிற வீட்டில், பிள்ளைக்குத் தண்ணீர்ப் பழக்கம் எங்கிருந்து வரும்?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அவர் சொன்னது எங்கள் வீட்டைத்தான். வீட்டில் ஜூஸ் டப்பா கொடுத்துப் பழக்குகிறோம் என்று அவர் சொன்னதும் சரிதான். இனிப்புக்குப் பழகிய நாக்குக்குத் தண்ணீர் சப்பென்றுதான் இருக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து டம்ளர் வேண்டும். என் மகள் யுகேஜி. காலை 8 மணிக்கு வேன் ஏறினால் மாலை 4 மணிக்குத்தான் இறங்குவாள். வெயில், ஓட்டம், வியர்வை எல்லாம் அந்த எட்டு மணி நேரத்தில். கொடுத்தனுப்புவது அரை லிட்டர் பாட்டில். திரும்பி வரும்போது மூடிக்குக் கீழே இரண்டு விரல்கடைதான் குறைந்திருக்கும். தினமும் திட்டு.

திடீரென்று ஒரு வாரம் பாட்டில் காலியாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை! அப்புறம்தான் தெரிந்தது, அம்மணி மொத்தத் தண்ணீரையும் பள்ளி வாசலில் இருக்கும் வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு வேன் ஏறுகிறாள். "ஏன்டி?" என்றேன். "குடிச்சா உச்சா வரும்மா. அங்க தாழ்ப்பா போட வராது, ஒரே இருட்டு. மிஸ்கிட்ட கேட்டா, இப்பத்தானே போன, உக்காருன்னு சொல்வாங்க."

ஐந்து வயதுப் பிள்ளை போட்ட திட்டம் இது, நடுவர் அவர்களே. குடிக்காமல் இருந்தால் கேட்க வேண்டியதில்லை. அடக்கி அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல். அதற்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும் வீடு!

"பள்ளியில்தான் தண்ணீர் குடிக்கச் சொல்லி வாட்டர் பெல் அடிக்கிறார்களே" என்பார்கள். 2019-ல் கேரளப் பள்ளிகளில் அடித்தார்கள், 2025-ல் நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. மணி அடித்தால் பிள்ளை குடித்துவிடும். குடித்தது முக்கால் மணி நேரத்தில் வெளியே வர வேண்டுமே, அதற்கு எந்த மணி? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் குடிநீரையும், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையையும் சேர்த்தேதான் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

இன்னும் வீட்டுமேல் சந்தேகமா? இதே பிள்ளை மே மாத லீவில் பாட்டி வீட்டில் இருந்தாள். திண்ணை ஓரம் மண்பானை, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் குட்டி டம்ளர். "குடி" என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானே மொண்டு, பாதியைச் சட்டையில் ஊற்றி, மீதியைக் குடித்தாள். கொல்லைப்பக்கம் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வேப்பங்கன்று இப்போது என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது, நடுவர் அவர்களே. தீர்ப்புக்கு முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.